காதிரைச்சல்: வன்னியிலிருந்து சில அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து:

2009 இன் தொடக்கத்தில் எங்கள் பதுங்குகுழிக்கு மிக அருகில் எறிகணை விழுந்த நாளிலிருந்து, என் இரண்டு காதுகளிலும் ஒரு கூவல் இருந்துகொண்டே இருக்கிறது. பகலில் வேலையோடு அது தெரிவதில்லை. ஊர் அடங்கிய பின்னர் சில்வண்டு கத்துவதுபோல எழும். நெல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அது கூடியதால் செவிப்புலன் பரிசோதனை செய்துகொண்டேன். 4000 ஹெர்ட்ஸை அண்டிய உயர்ந்த ஒலிகள் எனக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று அதன் வரைபடம் காட்டியது. உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிந்தால் மனிதருக்கு அவை மீண்டும் வளர்வதில்லை என்றும், காதிலிருந்து வரவேண்டிய சைகை குறைகின்றபோது மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்வதாலேயே இல்லாத ஒலி கேட்கிறது என்று கருதப்படுகிறது என்றும் வைத்தியர் விளக்கினார். காதுகேள் கருவி அணிந்த பின்னர் பிறர் பேச்சு தெளிவாக விளங்குகிறது; கூவல் இருந்தாலும் முன்போலத் தொல்லை தருவதில்லை. இரவில் வானொலியை மிக மெல்லிதாக ஓடவிட்டுத் தூங்குகிறேன். ஆலையில் இப்போது காதடைப்பானும் அணிகிறேன், ஏனெனில் 85 டெசிபெலுக்கு மேற்பட்ட சத்தத்தில் நாள் முழுவதும் நிற்பது எஞ்சியிருக்கும் கேள்திறனையும் கெடுக்கும்.

மாங்குளத்திலிருந்து:

என் தாயாருக்கும் இரைச்சல் இருந்தது. செல்லடிதான் காரணம் என்று உறவினர் எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். வைத்தியர் காதுக்குள் பார்த்தபோது இறுகிய குறும்பிதான் இருந்தது. சொட்டுமருந்தால் இளக்கி அகற்றியதும் இரைச்சல் போய்விட்டது. கோழி இறகால் காது குடையும் பழக்கத்தை மட்டும் இன்னும் நிறுத்த முடியவில்லை.

வவுனியாவிலிருந்து, ஓய்வுபெற்ற தாதி ஒருவர்:

மேலே எழுதிய தம்பியின் தாயாருக்கு நேர்ந்ததை நானும் பலரிடம் பார்த்திருக்கிறேன். போரின் பின்னர் எங்கள் பகுதியில் எந்தக் காதிரைச்சலுக்கும் ஒரே காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நடுக்காதுத் தொற்று, முதுமைக் கேள்திறன் இழப்பு, இரத்தச்சோகை, தைரொயிட் கோளாறு ஆகியவற்றோடும் அது வரலாம். அதிக அளவு அஸ்பிரின், கிருமித்தொற்றுக்குப் போடும் ஜென்டாமைசின் ஊசி, சிறுநீரைக் கூடப் போகவைக்கும் பியூரோசமைட் போன்ற மருந்துகளும் காரணமாகலாம். ஆனால் அவற்றை வைத்தியரிடம் கேளாமல் நிறுத்தக் கூடாது. ஒரு காதில் மட்டும் கேட்கும் இரைச்சலையும், நாடித்துடிப்போடு சேர்ந்து துடிக்கும் இரைச்சலையும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். திடீரென ஒரு காது கேளாமற்போனால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள், ஏனெனில் அதற்கான ஸ்டீரொயிட் சிகிச்சையை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பலனுக்கான வாய்ப்பு அதிகம்.

லண்டனிலிருந்து உறவினர் அனுப்பும் ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரைகளைப் பற்றிச் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அவை காதிரைச்சலைக் குறைப்பதாக உறுதியான சான்று இல்லை. தலைச்சுற்றலோடு வரும் மெனியர் என்ற உட்காது நோய்க்குக் கொடுக்கப்படும் பீட்டாஹிஸ்டீன் மருந்தையும் காதிரைச்சலுக்கு மட்டுமாகக் கொடுக்க வேண்டாம் என்றே 2020 இல் வெளியான பிரித்தானிய மருத்துவ வழிகாட்டி கூறுகிறது. இரைச்சலால் தூக்கமும் மனமும் கெட்டவர்களுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற, பேசி மனதைப் பழக்கும் உளச்சிகிச்சை உதவுவதாகச் சான்று உண்டு. அது சத்தத்தை நிறுத்துவதில்லை, அதனால் வரும் பதற்றத்தையே தணிக்கிறது. எங்கள் பக்கத்தில் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள், எனினும் செல்லடியையும் இரைச்சலையும் ஒன்றாகவே சுமப்பவர்களை நான் முதலில் அங்குதான் அனுப்புவேன்.