எலக்‌ஷன் டியூட்டியில் பார்த்த கூத்து: உங்களுடையதையும் எழுதுங்கள்

அரச்சலூர் வாத்தியார்:

தேர்தல் வந்துவிட்டால் பேப்பரில் ஒரு மூலையை இதற்கென்றே ஒதுக்கிவிடுகிறார்கள். டெபாசிட் பணத்தைச் சில்லறையாக மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர், கழுத்தில் வெங்காய மாலையோடு வந்தவர், எருமை மேல் ஏறி வந்து வேட்புமனு கொடுத்தவர் என்று வரிசையாகப் போட்டோ வரும், நாமும் சிரித்துவிட்டு நாலு குரூப்பில் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். எனக்கு இந்தச் சிரிப்பில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. அதில் விளம்பரப் பிரியர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாதிக்கு மேல், திங்கள்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்த பிறகு போட்ட கூத்து.

எங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1996 சட்டமன்றத் தேர்தல், ஈரோடு பக்கம் மொடக்குறிச்சி தொகுதி, வேட்பாளர்கள் 1033 பேர். பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரிக் கேள்வியாக இன்றைக்கும் வருகிறது. ஏன் நின்றார்கள் என்று அந்தப் புத்தகத்தில் இருக்காது. எங்கள் குறையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று சொல்வதற்காக விவசாயிகள் கூட்டம் கூட்டமாகப் போய் மனுத் தாக்கல் செய்தார்கள். அப்போது சட்டமன்றத்துக்கு டெபாசிட் வெறும் 250 ரூபாய்தான். ஒரு மூட்டை உரத்தை விற்றால் ஆச்சு. இத்தனை பேருக்கு வாக்குச்சீட்டு அடிக்க முடியாமல் தேர்தலையே தள்ளிவைத்து, கடைசியில் சீட்டு புத்தகமாக வந்து இறங்கியது.

நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான், பூத்தில் புத்தகம் கொடுக்கும் இடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். மறைவுக்குள் போன அம்மாக்கள் வெளியே தலையை நீட்டி, "சார், நம்ம சின்னம் எந்தப் பக்கத்துல இருக்குது?" என்று கேட்பார்கள். நாங்கள் சொல்லக் கூடாது. ஏஜென்ட் வாயைத் திறந்தால் எதிர்க்கட்சி ஏஜென்ட் எழுந்துவிடுவார். வெளியே தூரத்தில் மரத்தடியில் கட்சிக்காரர்கள் பக்கத்தை மனப்பாடம் செய்ய வைத்துத்தான் அனுப்பினார்கள், ஆனால் வரிசையில் வெயிலில் நின்று உள்ளே வருவதற்குள் வயதானவர்களுக்கு அது மறந்துபோகும். ஒரு பெரியவர் எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே போய், நடுவில் தன் பங்காளி பேரைப் பார்த்துவிட்டு, "அட, இவனும் நிக்கறானா?" என்று சத்தமாகச் சிரித்ததில் பூத்தே சிரித்தது. முத்திரை குத்திய புத்தகத்தை மடித்தால் மடியாது, பெட்டிக்குள் திணிப்பது தனி வித்தை.

முடிவில் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட இல்லை, 158 பேருக்கு ஒரே ஒரு ஓட்டு. தனக்கே ஓட்டுப் போடாத 88 பேர் என்று சிரித்தார்கள். அய்யா, அவர்கள் ஜெயிக்கவா நின்றார்கள்?

அதே 1996-இல் நாடாளுமன்றத் தேர்தலில் அப்போதைய ஆந்திராவின் நல்கொண்டாவில் 480 பேர், கர்நாடகத்தில் பெல்காமில் 456 பேர். நல்கொண்டாவில் குடிக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு, எலும்பு வளைந்துபோன ஜனங்கள். இத்தனையையும் பார்த்த டெல்லி என்ன செய்தது? அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டைச் சட்டமன்றத்துக்கு 5,000, நாடாளுமன்றத்துக்கு 10,000 என்று ஏற்றியது, சுயேச்சைக்கு முன்மொழிய பத்துப் பேர் வேண்டும் என்றது. கதவைத் தட்டுகிற சத்தம் பொறுக்காமல் கதவுக்குப் பஞ்சு ஒட்டிய மாதிரி.

ஒரு கொசுறு: 1033 பேர் நின்ற தேர்தலில் ஜெயித்த அதே சுப்புலட்சுமி ஜெகதீசன், 2021-இல் அதே மொடக்குறிச்சியில் 281 ஓட்டில் தோற்றார்.

சரி, உங்கள் கதைகளை எழுதுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம், பார்த்ததை மட்டும்.

மஞ்சமண்டி:

வாத்தியாரே, டெபாசிட்டை ஏற்றினால் நின்றுவிடுமா? 2019-இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேர், அதில் 178 பேர் மஞ்சளும் சோளமும் போடுகிற விவசாயிகள். டெபாசிட் அப்போது 25,000 ரூபாய், போனால் போகட்டும் என்று கட்டினார்கள். ஒரு பூத்துக்கு 12 ஓட்டு மெஷின் வைத்தார்கள், மேஜை பத்தவில்லை. அப்போதைய தெலங்கானா முதலமைச்சரின் மகள் கவிதா தோற்றார். மஞ்சள் வாரியம் கொண்டுவருகிறேன் என்று பத்திரத்தாளில் எழுதிக் கொடுத்த பா.ஜ.க. வேட்பாளர் ஜெயித்தார். அந்த வாரியம் வந்தது 2025 ஜனவரியில், தலைமையிடம் நிஜாமாபாத்.

மஞ்சள் மாநகரம் என்று போர்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஈரோட்டுக்காரனுக்கு இதைப் படிக்கும்போது வயிறு எரியுமா எரியாதா? நாம் 1033 பேர் நின்றதற்கு வினாடி வினாவில் ஒரு கேள்விதான் கிடைத்தது.

ரெண்டு ரூபா ஏஜென்ட்:

நான் வாத்தியார் இல்லை, கட்சி பூத் ஏஜென்ட். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு விதி: வந்திருப்பவர் உண்மையான வாக்காளர் இல்லை என்று ஏஜென்டுக்குச் சந்தேகம் வந்தால் ஆட்சேபம் சொல்லலாம், அதற்குக் கட்டணம் 2 ரூபாய். சட்டத்தில் இன்னும் ரெண்டு ரூபாயேதான். எங்கள் பூத்தில் எதிர்த்தரப்பு ஏஜென்ட் ஒரு பையனைப் பார்த்து "இவன் அவன் இல்லை, தம்பிக்காரன்" என்று எழுந்து பத்து ரூபாய் நோட்டை நீட்டினார். தலைமை அலுவலரிடம் சில்லறை இல்லை. ரசீது எழுத வேண்டும், மீதி எட்டு ரூபாய் கொடுக்க வேண்டும், வரிசை வாசல் தாண்டி நிற்கிறது. "மீதியை நீங்களே வெச்சுக்குங்க சார்" என்றார் அவர். அரசுக் கணக்கில் அப்படி வைத்துக்கொள்ள முடியாதே என்று அலுவலர் முழிக்க, கடைசியில் அந்தப் பையனே பாக்கெட்டிலிருந்து ரெண்டு ரூபாய்க் காசை எடுத்துக் கொடுத்தான். தன் மேல் போட்ட ஆட்சேபத்துக்குத் தானே ஃபீஸ் கட்டியவன் வேறு எங்காவது உண்டா தெரியவில்லை. விசாரித்ததில் அவன் அவனேதான். ஓட்டுப் போட்டுவிட்டு காசை மட்டும் திருப்பிக் கேட்டான்.

அப்புறம் இந்த "நான் ஒண்ணு அமுக்கினேன், சீட்டுல வேற சின்னம் வந்துச்சு" விவகாரம். விவிபேட் என்பது நாம் அமுக்கிய சின்னத்தைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் மெஷின், அந்தச் சீட்டு ஏழு நொடி தெரியும். அப்படி ஒருவர் கத்தினால் எழுதி வாங்கிக்கொண்டு எல்லோர் முன்னாலும் சோதனை ஓட்டுப் போடச் சொல்வார்கள், சொன்னது பொய் என்றால் வழக்கு. எங்கள் பூத்தில் கத்தியவர் அந்தப் படிவத்தை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார், கண்ணாடி எடுத்து வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. மெஷின் மேல் சந்தேகப்படுவது தப்பென்று சொல்ல மாட்டேன், கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் வீடியோ போடுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவார்கள்?

ஆளில்லா பூத்:

எனக்கு வாய்த்தது இன்னொரு வகை. ஊரே சேர்ந்து தேர்தல் புறக்கணிப்பு. ஊர் பேர் வேண்டாம், சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு வருஷக்கணக்காக அலைந்த ஊர்.

காலையில் மாக் போல் என்கிற ஒத்திகை ஓட்டு முடித்து, மெஷினில் அந்தக் கணக்கை அழித்து, சீல் வைத்து, ஏழு மணிக்கு வாக்குப்பதிவு ஆரம்பம் என்று அறிவித்தேன். கேட்க ஒரு போலீஸ்காரரும் ஒரு நாயும். ஏஜென்ட்கூட வரவில்லை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஜோனல் ஆபீசர் போன் போட்டு "பெர்சென்ட் எவ்வளவு?" என்பார், "பூஜ்யம் சார்" என்பேன், "சரியாப் பாத்தீங்களா?" என்பார். பூஜ்யத்தை எப்படிச் சரியாகப் பார்ப்பது? பகலில் தாசில்தார் ஜீப் வந்தது, கோயில் திண்ணையில் பேச்சு நடந்தது. பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. அவர் கையைக் கூப்புகிறார், ஊர்ப் பெரியவர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து அத்தனை மனு ரசீதையும் திண்ணையில் பரப்பிக் காட்டுகிறார். எழுதித் தாருங்கள் என்கிறார்கள், தேர்தல் நேரத்தில் எழுதித் தர முடியாது, நடத்தை விதி என்கிறார். அந்த விதி அவர்களுக்கு எப்படிப் புரியும்? சாதாரண நாளில் எழுதித் தந்திருந்தால் இந்த நாள் வந்தே இருக்காதே. மாலையில் அந்த ஊரில் ஓட்டுள்ள அரசு ஊழியர் சிலர் மட்டும் தலையைக் குனிந்தபடி வந்து போட்டுவிட்டுப் போனார்கள். எங்களுக்குப் பகல் சாப்பாடு போட்டதும் அதே ஊர்தான், "உங்க மேல கோவம் இல்லீங்க" என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

2024-இல் பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரத்தில் இதே மாதிரி நடந்தது டிவியில் பார்த்திருப்பீர்கள். "நோட்டா இருக்கே, அதுல போட்டு எதிர்ப்பைக் காட்டலாமே" என்று ஸ்டுடியோவில் உட்கார்ந்து அறிவுரை சொல்கிறார்கள். நோட்டா போட்டால் என்ன ஆகும்? 2014-இல் நீலகிரியில் 46,559 பேர் நோட்டா அமுக்கினார்கள், அந்தத் தேர்தலில் நாட்டிலேயே அதுதான் அதிகம். பா.ஜ.க. வேட்பாளர் மனு தள்ளுபடியானதில் நோட்டாவுக்கு மூன்றாம் இடம். 2024-இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் வாபஸ் வாங்கியதால் 2,18,674 பேர் நோட்டா, இரண்டாம் இடம். ரெண்டு ஊரிலும் யார் எம்.பி. ஆக வேண்டுமோ அவர் ஆனார். நோட்டா முதலிடமே பிடித்தாலும் அடுத்து வந்தவருக்குத்தான் சான்றிதழ். பல் இல்லாத பாம்பைக் கையில் கொடுத்துவிட்டு ஊரை மிரட்டிக்கோ என்கிறார்கள். சுடுகாட்டுப் பாதை கேட்டவர்கள் போடாமல் இருந்தால்தான் தாசில்தாராவது வருகிறார்.

பென்னாகரம் பஸ்:

எங்கள் பக்கம் கோட்டூர் மலை, ஏரிமலைக்கு மெஷின் கழுதை மேல் போகும். தேர்தலுக்குத் தேர்தல் சென்னையிலிருந்தும் கேமரா வரும். ஜனநாயகத்தைச் சுமக்கும் கழுதைகள் என்று தலைப்பு. முதுகில் சாக்கு விரித்து ரெண்டு பக்கமும் பெட்டியைச் சமமாகக் கட்டி, ஆடாமல் இருக்க வயிற்றுக்கடியில் கயிறு போடுவார்கள். ஒரு பக்கம் கனம் குறைந்தால் கல்லை வைத்துச் சரிக்கட்டுவார்கள். பின்னால் நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நடப்போம். கழுதைக்காரர் என்னிடம் சொன்னது: "இந்தப் பொட்டி போற பாதையிலதான் சார் பிரசவ வலி வந்தவங்களைத் தூளி கட்டித் தூக்கியாறோம், அதுக்கு ஒரு கேமராவும் வரல."

இதற்கு மேல் நான் என்ன எழுத?

சேலம் டயர்:

வாத்தியார் அய்யா, எங்கள் மேட்டூர் பத்மராஜனை யாரும் சொல்லவில்லையே! டயர் கடை வைத்திருப்பவர், 1988-இல் ஆரம்பித்து இருநூறு தேர்தலுக்கு மேல் மனுத் தாக்கல் செய்திருக்கிறார், ஜனாதிபதி தேர்தலைக்கூட விடவில்லை. 2011-இல் மேட்டூரில் 6,273 ஓட்டு, அதுதான் உச்சம். அவர் தோற்பதற்கென்றே நிற்கிறார், சாதாரண ஆளும் நிற்கலாம் என்று காட்ட. கோரிக்கை இல்லாத கூத்துக்கும் ஒரு இடம் விடுங்கள், எல்லாவற்றையும் சோகமாக்காதீர்கள்.

அரச்சலூர் வாத்தியார்:

டயர் தம்பி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருக்கும் ஏறிய டெபாசிட்தானே? தோற்பதற்கு இத்தனை செலவழித்த மனுஷனைப் பார்த்தால் மரியாதைதான் வருகிறது.

எல்லோரும் பூத்துக்குள் நடந்ததைச் சொன்னீர்கள், டியூட்டி பார்க்கிறவனுடைய ஓட்டு என்ன ஆகிறது என்று யாரும் சொல்லவில்லை. 2016 சட்டமன்றத் தேர்தல், ராதாபுரம் தொகுதி. அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை 49 ஓட்டில் ஜெயித்தார். அதே தொகுதியில் 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று தள்ளியிருந்தார்கள். காரணம், உறுதிமொழியில் சான்றொப்பம் போட்டவர் பள்ளித் தலைமையாசிரியர், அவர் கெஜடட் அதிகாரி இல்லையாம். பூத்தில் நாள் முழுக்க ஊருக்கெல்லாம் மை வைத்து ஓட்டுப் போடவைத்தவர்களின் ஓட்டு, தங்கள் எச்.எம். கையெழுத்தாலேயே குப்பைக்குப் போனது. வழக்கு நடந்து, 2019 அக்டோபரில் உயர் நீதிமன்ற உத்தரவில் மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அது வெளியே வருவதற்குள் 2021 தேர்தலே வந்துவிட்டது. அதில் அப்பாவு ஜெயித்துச் சபாநாயகர் ஆனார், அது வேறு கதை.

இப்போது விதி மாறியிருக்கிறது. 2023 திருத்தத்துக்குப் பிறகு டியூட்டிக்காரர்கள் தபால் ஓட்டை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது, பயிற்சி நடக்கும் இடத்தில் வசதி மையம் என்று ஒன்று வைத்திருப்பார்கள், அங்கேயே போட்டுவிட வேண்டும். கையெழுத்துத் தொல்லை ஒழிந்தது. ஆனால் தபால் ஓட்டுக் கேட்கும் படிவம் 12-ஐ நேரத்துக்குக் கொடுக்காவிட்டால் அதுவும் இல்லை, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் முதல் பயிற்சி வகுப்பிலேயே கேட்டு வாங்கி நிரப்பிவிடுங்கள், பிரியாணிப் பொட்டலத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ராதாபுரத்து அந்த 203 பேரில் யாராவது இதைப் படித்தால் கட்டாயம் எழுதுங்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்க மாட்டேன்.