"இதை யார் துடைப்பாங்க?" – மீர், சல்யூட் நிலையங்களைப் பார்த்தவர்கள், கேட்டவர்கள் எழுதுங்கள்

கோவைப் பொண்ணு:

சோவியத் காலத்து விண்வெளி நிலையங்களைப் பக்கத்தில் பார்த்தவர்கள், ரேடியோவில் கேட்டவர்கள், டிவியில் பார்த்து இன்னும் மனசில் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் இந்தத் திரியில் எழுதுங்கள். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2013இல் நான் மாஸ்கோவில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா ஒரு வாரம் வந்து தங்கினார். அவர் ஒரு நூற்பாலையில் முப்பது வருஷத்துக்கும் மேல் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செஞ்சதுக்கம், கிரெம்ளின் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினேன். அமைதியாகத் தலையாட்டிக்கொண்டே வந்தார், எதிலும் மனசு ஒட்டவில்லை. கடைசி நாள் விண்வெளி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். வேதென்ஹா மெட்ரோவிலிருந்து வெளியே வந்தால், வானத்தில் ஏறும் ராக்கெட்டின் புகைத்தடம் மாதிரி டைட்டானியத் தகடு போர்த்திய பெரிய நினைவுத்தூண் தெரியும். அதன் அடியில்தான் அருங்காட்சியகம். உள்ளே மீர் நிலையத்தின் மையப் பகுதியை முழு அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். நாமே அதற்குள் நடந்து போகலாம்.

பதிமூன்று மீட்டர் நீளம், அகலமான இடத்தில் நாலு மீட்டர் சொச்சம். ஒரு பஸ்ஸுக்குள் நிற்கிற மாதிரிதான். ஆள் தூங்க இரண்டு சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் வட்டமாக ஒரு ஜன்னல், சுவரில் கட்டிய தூக்கப் பை. நடுவில் சாப்பாட்டு மேசை. டப்பாக்களைச் சூடுபண்ணும் குழிகள் அந்த மேசையிலேயே இருக்கின்றன. சுற்றிலும் பேனல், பேனலுக்குள் பேனல், குழாய், ஒயர்.

அப்பா ஜன்னலையும் பார்க்கவில்லை, மேசையையும் பார்க்கவில்லை. குனிந்து, காற்றை உள்ளே இழுக்கிற ஃபேன் கிரில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம் கேட்டார்: "இதை யார் துடைப்பாங்க?"

வாசலில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாவிடம் ரஷ்ய மொழியில் கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எழுந்து அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "வேற யார்? அவங்களேதான். சனிக்கிழமை" என்றார்.

அப்பாவுக்கு அன்றைக்குத்தான் மாஸ்கோ பிடித்தது. மில்லில் ஈரப்பதக் காற்று அடிக்கிற பிளான்ட்டில் ஃபில்டர் முழுக்கப் பஞ்சு அப்பிவிடும். ஒரு ஷிப்ட் துடைக்காமல் விட்டால் காற்று குறையும், நூல் அறும். இதை எத்தனையோ வருஷம் அவர் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார், நாங்கள் காதில் வாங்கியதே இல்லை. மீரிலும் அதே வேலைதான் என்றதும், அப்பா கேட்க, அந்த அம்மா பதில் சொல்ல, நான் நடுவில் மொழிபெயர்க்க, ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

எடையில்லாத இடத்தில் தூசி கீழே படியாது. தோல் செதில், முடி, ரொட்டித் துணுக்கு எல்லாம் மிதந்துகொண்டே இருக்கும். ஃபேன் இழுக்கிற பக்கம் மெல்ல நகர்ந்து கடைசியில் கிரில்லில் போய் ஒட்டும். திருகாணி தொலைந்தாலும், பேனா தொலைந்தாலும் ஒரு நாள் பொறுத்து அங்கே போய்த் தேடினால் கிடைக்கும். அந்தக் கிரில் அடைத்தால் காற்றோட்டம் குறையும். குறைந்தால் என்ன ஆகும்? பூமியில் நாம் விடுகிற மூச்சு சூடாக இருப்பதால் மேலே எழும்பிப் போய்விடும். அங்கே 'மேலே' என்பதே கிடையாது. விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே நிற்கும். தூங்குகிறவர் தன் கரியமில வாயுவையே திரும்பத் திரும்ப இழுத்து, தலைவலியோடு எழுவார். அதனால் ஃபேன் இரவு பகலாக ஓடியாக வேண்டும், தூங்குகிறவர் முகத்துக்கு அந்தக் காற்று வந்தாக வேண்டும். அந்த இரைச்சலிலேயேதான் மாதக்கணக்கில் வாழ்ந்தார்கள்.

இன்னொரு விஷயம், தண்ணீர். ஆட்களின் மூச்சு ஈரமும் வேர்வையும் காற்றில் கலந்துவிடும். அதைக் குளிர்வித்துப் பிடித்துச் சுத்தம் செய்து குடிநீராக்குவார்கள். சிறுநீரிலிருந்து எடுத்த தண்ணீர் எலெக்ட்ரான் என்ற இயந்திரத்துக்குப் போகும். அது தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, ஆக்ஸிஜனை உள்ளே விட்டு, ஹைட்ரஜனை வெளியே தள்ளும். அந்த எலெக்ட்ரான் அடிக்கடி நின்றுவிடும். அதைத் திரும்ப ஓட வைப்பதே பாதி நாள் வேலையாக இருந்திருக்கிறது.

பிடிபடாத ஈரம் பேனலுக்குப் பின்னால் குளிர்ந்த உலோகத்தில் போய்ப் படியும். பிற்காலத்தில் மீரோடு சேர்த்த க்வான்ட்-2 என்ற பகுதியில் ஒரு பேனலைக் கழற்றியபோது உள்ளே பந்து மாதிரி தண்ணீர் மிதந்துகொண்டிருந்தது. பூஞ்சையும் பிடித்திருந்தது. துண்டை வைத்து ஒற்றி எடுத்தார்கள். பயிற்சிக்கென்று எத்தனையோ வருஷம் செலவழித்த விமானிகளும் பொறியாளர்களும் கையில் துண்டோடு சுவர் துடைத்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நெகிழ்கிறது. 1986 பிப்ரவரியில் ஏவியபோது ஐந்து வருஷத்துக்கு என்றுதான் திட்டம். அது ஓடியது 15 வருஷம்.

உங்களுடையதைச் சொல்லுங்கள்.

பழைய ரேடியோ:

அந்த ஃபேன் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன் தங்கச்சி.

எங்கள் வீடு திருநெல்வேலியில். 1990களின் தொடக்கத்தில் ஹாம் லைசென்ஸ், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதற்கான லைசென்ஸ், எடுத்த புதிது. மீரில் இருந்தவர்கள் ஓய்வு நேரத்தில் 145.550 மெகாஹெர்ட்ஸில் ஹாம்களோடு பேசுவார்கள் என்று கிளப்பில் ஒரு மூத்தவர் சொன்னார். மீரின் பாதை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 51.6 பாகை, தெற்கே 51.6 பாகை வரை போகும். அதனால் நம் தலைக்கு மேலேயும் வரும். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம். ஆனால் நமக்குக் கேட்பது அதிகம் போனால் பத்து நிமிஷம்.

மொட்டை மாடியில் மூங்கில் கழியில் ஆன்டெனா கட்டி, பல வாரம் சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்திருந்தேன். வெறும் இரைச்சல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வடமேற்கே நட்சத்திரம் மாதிரி ஒன்று மினுக்காமல் ஏறி வந்தது. ஹெட்போனில் இரைச்சல் சட்டென்று அடங்கியது. ஒரு குரல், ரஷ்ய உச்சரிப்பில் ஆங்கிலம். அழைப்புக்குறி, சிக்னல் ரிப்போர்ட், அவ்வளவுதான். அவர் பேச்சை நிறுத்தி மைக்கை விடுவதற்குள் ஒரு நொடி இடைவெளி இருக்குமே, அதில் பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரே சீராக ஒரு சத்தம். மெஷின் கோளாறு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அதுதான் அவர்கள் மூச்சு விடுவதற்கான சத்தம் என்று பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

அதனால்தான் 1997 ஜூன் 25 பற்றிப் படித்தபோது எனக்கு உடம்பே சில்லிட்டது. தூரக் கட்டுப்பாட்டில் ஓட்டி வந்த புரோகிரஸ் சரக்குக் கலம் வேகம் குறையாமல் வந்து மீரின் ஸ்பெக்டர் என்ற பகுதியில் மோதியது. காற்று கசிகிறது. ஸ்பெக்டரின் கதவை மூட வேண்டும், ஆனால் கதவு வழியாகக் கேபிள்கள் போகின்றன. உள்ளே இருந்த வீரர்கள் லசூத்கினும் ஃபோலும் பிளக் உள்ளதைப் பிடுங்கினார்கள், மற்றதை வெட்டினார்கள், மூடியை வைத்து அடைத்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் ஸ்பெக்டரின் சூரியத் தகடுகள் கொடுத்த மின்சாரம் போயிற்று. நிலையம் சுழல ஆரம்பித்தது, மற்றத் தகடுகளும் சூரியனைப் பார்க்கவில்லை, பேட்டரி வடிந்தது. ஃபேன் எல்லாம் நின்றுபோய், இருட்டில் ஒரே நிசப்தம். சுழலும் வேகத்தை அளக்கக் கருவி இல்லை. ஃபோல் ஜன்னல் ஓரம் கையை நீட்டிக் கட்டைவிரலை வைத்து, நட்சத்திரம் எவ்வளவு நேரத்தில் அதைக் கடக்கிறது என்று பார்த்துக் கணக்குப் போட்டார். ஆட்கள் வந்து போகிற சோயுஸ் கலம் நிலையத்தோடு இணைந்திருந்தது, அதன் உந்திகளை இயக்கிச் சுழற்சியை அடக்கினார்கள்.

அதே வருஷம் பிப்ரவரி 23இல் தீ விபத்து. எலெக்ட்ரான் மூன்று பேருக்குத்தான் போதும். பழைய குழுவும் புதிய குழுவும் சேர்ந்து ஆறு பேர் இருந்த நாள்கள் அவை. ஆள் கூடினால் ஆக்ஸிஜன் மெழுகுவர்த்தி என்று ஒன்றைப் பற்றவைப்பார்கள். ஒன்று எரிந்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாள் ஆக்ஸிஜன். தினசரி வேலை, ஆயிரக்கணக்கில் எரித்தது. அன்றைக்கு ஒன்று மட்டும் தீப்பிழம்பாகச் சீறியது. புகை நிலையம் முழுக்கப் பரவியது. இரண்டு சோயுஸ்களில் ஒன்றுக்குப் போகும் வழி தீக்கு அந்தப் பக்கம். முகமூடி மாட்டிக்கொண்டு அணைத்தார்கள். மறுநாளிலிருந்து கரி துடைக்கிற வேலை.

இப்போதும் ஃபேன் போட்டுத் தூங்கும்போது சில நாள் அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வரும்.

பேட்டரி ரூம்:

வணக்கம். நீங்கள் இருவரும் மீரைச் சொன்னீர்கள், நான் அதற்கு முந்தின சல்யூட்-7ஐச் சொல்கிறேன். 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா எட்டு நாள் பயணமாகப் போய்த் தங்கியது அதில்தான். சென்னையில் பக்கத்து வீட்டு டிவியில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்திரா காந்தியோடு அவர் பேசியதைப் பார்த்தேன். தெருவே கூடியிருந்தது. அவர் பூமிக்குத் திரும்பினார், நாங்களும் மறந்துவிட்டோம். ஆனால் அங்கேயே இருந்த சோவியத் வீரர்கள் கிஸிமும் சொலவ்யோவும் அதே மாதம் வெளியே இறங்கி, கசிந்துகொண்டிருந்த எஞ்சின் குழாயைச் சரி செய்யத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் வரை ஐந்து முறை அதற்காகவே வெளியே போய், கடைசியில் குழாயை நசுக்கி அடைத்தார்கள்.

நான் பிறகு மின்சாரத் துறையில் சேர்ந்து, துணைமின் நிலையத்தில் பேட்டரி அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். ஒருமுறை எங்கள் சார்ஜரில் ஒரு ரிலே பழுதாகி, பேட்டரி நிறைந்துவிட்டது என்று பொய்யாகக் காட்டி, சார்ஜைத் துண்டித்துவிட்டது. மீட்டரைப் பார்த்து நாங்களும் நம்பினோம். காலையில் வந்து பார்த்தால் செல் எல்லாம் காலி. ஷிப்டில் இருந்த பொறியாளர் அன்றைக்குத்தான் சல்யூட்-7 கதையை எனக்குச் சொன்னார். அச்சு அசலாக அதே கோளாறு. 1985 பிப்ரவரியில் ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த நிலையத்தோடு ரேடியோ தொடர்பு அறுந்தது. சென்சார் ஒன்று 'நிறைந்துவிட்டது' என்று சொன்னதால் சூரியத் தகடுகள் பேட்டரியிலிருந்து விலகியே இருந்தன. கீழேயிருந்து கட்டளை கொடுத்துச் சரி செய்யலாம் என்றால் ரேடியோவே செத்துவிட்டது. இருபது டன் இரும்பு உறைந்துபோய் மிதந்தது.

ஜூனில் அதைச் சரி செய்ய ஜானிபெகோவ், சவினிக் என்ற இரண்டு வீரர்கள் போனார்கள். நிலையம் பதில் சொல்லாது, வழிகாட்டாது. கண்ணால் பார்த்து, லேசர் தூரமானியை வைத்துக் கையால் ஓட்டி இணைத்தார்கள். உள்ளே இருட்டு, சுவரெல்லாம் உறைபனி. துப்பிப் பார்த்தார்கள், எச்சில் நொடியில் உறைந்தது. கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வேலை. தண்ணீர்த் தொட்டி பனிக்கட்டி. கையில் கொண்டுபோனது சில நாளுக்குத்தான். ஃபேனும் கிடையாது என்பதால் ஒரே இடத்தில் நின்று வேலை செய்தால் தன் மூச்சே தன்னை மயக்கும். தங்கச்சி சொன்ன அதே விஷயம்.

எட்டு பேட்டரியில் ஆறு தேறும் என்று பார்த்தார்கள். கையுறை போட்டால் மெல்லிய ஒயரைப் பிடிக்க முடியாது. அந்தக் குளிரில் வெறும் கையால் ஒயர் முனைகளைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றி, சூரியத் தகட்டிலிருந்து பேட்டரிக்கு நேராக இழுத்தார்கள். பிறகு தங்கள் சோயுஸின் உந்திகளை இயக்கி மொத்த நிலையத்தையும் சூரியன் பக்கம் திருப்பினார்கள். ஏறியது. நான் செல்லுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும்போதெல்லாம் அந்த விரல்களை நினைத்துக்கொள்வேன். முறுக்கிய ஒயருக்கு டேப் சுற்றும்போது இறுக்கம் எப்படி வரும் என்று விரலுக்குத்தான் தெரியும்.

சூடு ஏறியதும் அடுத்த வேலை வந்தது. உறைபனி உருகிச் சுவரெல்லாம் தண்ணீர். துடைக்கத் துணி போதவில்லை என்று கிடைத்த உடுப்பையெல்லாம் கிழித்துத் துடைத்தார்கள்.

கோவைப் பொண்ணு:

பேட்டரி ரூம் அண்ணா, உங்கள் பதிவை அப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "கிழிச்ச துணிய எங்க போட்டாங்க?" என்று கேட்டார். நல்லவேளை, அன்றைக்கு அருங்காட்சியகத்தில் அந்த அம்மாவும் இதைச் சொல்லியிருந்தார். சரக்குக் கொண்டுவரும் புரோகிரஸ் கலம்தான் குப்பை வண்டியும். உணவு, எரிபொருள், தண்ணீர் எல்லாம் இறக்கியபின் அழுக்குத் துணி, காலி டப்பா, பழுதான சாமான்களை அதில் அடைப்பார்கள். அது கிளம்பிப்போய் வளிமண்டலத்தில் எரிந்துவிடும். 2001 மார்ச் 23இல் மீரையே கடலில் இறக்கியபோதும் அதைத் தள்ளிவிட்டது ஒரு புரோகிரஸ்தான்.

பழைய ரேடியோ அண்ணா, அந்த 'ம்ம்ம்' சத்தத்தை எழுதினீர்களே, அதைப் படித்துவிட்டு அப்பா மாஸ்கோவில் எடுத்த படங்களைத் தேடினேன். ஒரு வாரத்தில் மொத்தம் பதினோரு படம் எடுத்திருக்கிறார். அதில் ஏழு அந்தக் கிரில். ஒன்றில் பக்கத்தில் தன் கையை வைத்திருக்கிறார், அளவு தெரியட்டும் என்று.