ரோமா பிள்ளைகளுக்கு ஸ்லோவாக் மொழிபெயர்ப்பாளர் போதுமா?

வகுப்பு உதவியாளர்:
வணக்கம். இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் ஒரு தொடக்கப்பள்ளியில் உதவியாளராக இருக்கிறேன். வகுப்பில் ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ரோமா குடும்பங்களின் பிள்ளைகள் ஐந்தாறு பேர். ரோமா என்பது ஐரோப்பாவில் பல நாடுகளில் வாழும் ஒரு சிறுபான்மை இனம். பெற்றோர் சந்திப்புக்கு ஸ்லோவாக் மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தார்கள். ஏழு வயதுப் பையன் ஒருவனின் அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் கிளம்பிவிட்டார். பையனிடம் ஸ்லோவாக்கில் கேட்டாலும் ஒற்றை வார்த்தைதான் வருகிறது. கற்றல் குறைபாடாக இருக்கலாம், சோதித்துப் பார்ப்போம் என்கிறார்கள். ஆனால் மைதானத்தில் கூட்டாளிகளோடு வாய் ஓயாமல் பேசுகிறவன் அவன். எனக்கு மனசு ஒப்பவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

நிலா:
மைதானத்தில் அவன் பேசுவது ரோமா மக்களின் மொழியான ரோமானியாக இருக்கும். அது ஸ்லோவாக்கின் வட்டார வழக்கு இல்லை, இந்தி, பஞ்சாபி குடும்பத்தைச் சேர்ந்த தனி மொழி. ஸ்லோவாக் அவனுக்கு இரண்டாவது மொழி என்றால் ஆங்கிலம் மூன்றாவது. இரண்டாவது மொழியில் கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று பிள்ளையைக் குறை சொல்வது அநியாயம். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று முதலில் அம்மாவிடமே கேளுங்கள். அப்புறம், சோதனை என்ற சொல்லே அவரைப் பயமுறுத்தியிருக்கலாம். செக் நாட்டு ஒஸ்த்ராவாவில் ரோமா பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக, கற்றல் குறைபாடுள்ளவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளுக்குத் தள்ளினார்கள். 18 பிள்ளைகள் தொடுத்த வழக்கில் அது பாகுபாடுதான் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007இல் தீர்ப்புச் சொன்னது. ஸ்லோவாக்கியாவிலும் இதே கதைதான். அந்த அனுபவத்தோடு வந்த குடும்பம் அதிகாரி முன்னால் தலையாட்டத்தான் செய்யும்.

கதிர்:
சரி, ஆனால் ஆங்கிலம் வரும்வரை இவர்களுக்கு மட்டும் தனி வகுப்பு வைத்தால் என்ன? மற்றவர்களோடு உட்கார்ந்து புரியாமல் விழிப்பதைவிட நல்லதுதானே.

நிலா:
கதிர், குரோஷியாவில் அப்படித்தான் செய்தார்கள். மொழி போதவில்லை என்று ரோமா மட்டுமே உள்ள வகுப்புகளில் போட்டார்கள், பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். 2010இல் அதே நீதிமன்றம் அதையும் பாகுபாடு என்றது. மொழிக்காகக் கொஞ்ச காலம் பிரிப்பதே தப்பு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. மொழி கற்றுத்தரத் தனித் திட்டம் இல்லை, எப்போது பொது வகுப்புக்கு மாறலாம் என்பதற்குத் தெளிவான அளவுகோலும் இல்லை, அங்கேதான் கோளாறு. அதனால் வகுப்பிலேயே வைத்துக்கொண்டு, பக்கத்தில் ரோமானி தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள்.

மலர்விழி:
நானும் இப்படிப்பட்ட பள்ளியில் வேலை பார்த்தவள். எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு ரோமா அக்காதான், மாணவி ஒருத்தியின் பெரியம்மா. பள்ளி அவரைச் சம்பளத்துக்கு எடுத்தது, சும்மா கூப்பிட்டு வேலை வாங்கவில்லை. கடிதம் அனுப்புவதையும் குறைத்தோம். ரோமானியை வாசித்துப் பழகாதவர்கள் நிறைய, வட்டாரத்துக்கு வட்டாரம் மாறவும் செய்யும். அந்த அக்கா குரல் பதிவு அனுப்புவார், பதிலும் குரலிலேயே வரும். ஒன்று மட்டும் கவனம்: எல்லார் முன்னாலும் "நீங்கள் ரோமாவா" என்று கேட்காதீர்கள். அப்படிச் சொன்னதால் அடிபட்டவர்கள் அவர்கள்.

வகுப்பு உதவியாளர்:
எல்லாருக்கும் நன்றி. இன்று மாலை கூட்டிப்போக வந்தபோது அம்மாவைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன், வீட்டில் ரோமானிதானாம். பையன் முன்னால் பத்துப் பொத்தான்களை வைத்து உங்கள் மொழியில் எண்ணு என்றேன். யேக், துய், த்ரின், ஷ்தார் என்று தொடங்கி தேஷ் வரை, அதாவது பத்து வரை, தயங்காமல் எண்ணி முடித்தான். மூன்றை எடுத்துவிட்டு மிச்சம் எத்தனை என்று விரலால் கேட்டேன், எஃப்தா என்று உடனே சொன்னான், ஏழு. நாளை காலை தலைமையாசிரியரிடம் இதைச் சொல்லிவிட்டு, சோதனைத் தாளில் கையெழுத்து வாங்குவதை நிறுத்திவைக்கக் கேட்கப் போகிறேன்.