கடவுச்சொல் நுழைவை முடக்கிய பின்னும் எஸ்எஸ்எச் வழங்கி கடவுச்சொல்லை ஏற்கிறது

நெய்தல் (கேள்வி)

வணக்கம். எங்கள் ஆய்வுக் குழுவின் கணக்கீடுகளுக்காக வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினி ஒன்றில் உபுண்டு 24.04 இயங்குகிறது. குழுவினர் அனைவரும் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினியில் பாதுகாப்பாக நுழைய உதவும் முறை) வழியாகவே அதில் நுழைகிறார்கள். ரூட், அட்மின், டெஸ்ட் போன்ற பெயர்களில் கடவுச்சொல்லை ஊகித்து நுழைய முயலும் வரிகள் பதிவேட்டில் இரவும் பகலும் குவிவதால், கடவுச்சொல் நுழைவை முற்றிலும் நிறுத்திவிட்டு, அவரவர் கணினியில் உள்ள சாவிக் கோப்பைக் கொண்டு நுழையும் சாவி வழி நுழைவை மட்டும் அனுமதிக்க முடிவு செய்தோம்.

ஈடிசி அடைவுக்குள் இருக்கும் எஸ்எஸ்எச் அடைவில், எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் என்ற முதன்மைக் கோப்பைத் திறந்து, பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் என்ற வரியின் மதிப்பை "நோ" என்று மாற்றிச் சேவையை மறுதொடக்கம் செய்தேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் சாவி இல்லாத வேறொரு கணினியிலிருந்து இணைத்துப் பார்த்தால், வழங்கி வழக்கம்போலக் கடவுச்சொல்லைக் கேட்கிறது. சரியாகக் கொடுத்தால் உள்ளேயும் விடுகிறது. கோப்பைத் திரும்பத் திறந்து பார்த்தேன், "நோ" என்றுதான் இருக்கிறது. வேறு எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கருவேலம் (பதில்)

நீங்கள் திருத்திய கோப்பு சரியானதுதான். ஆனால் வழங்கி அந்த வரியை எட்டுவதற்கு முன்பே வேறொரு கோப்பிலிருந்து விடையை எடுத்துக்கொண்டு விட்டது என்று நினைக்கிறேன்.

டெபியன், உபுண்டு ஆகியவற்றில் வரும் முதன்மைக் கோப்பின் மேற்பகுதியில் இன்க்ளூட் என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி என்ற துணை அடைவில் .கான்ஃப் என்று முடியும் எல்லாக் கோப்புகளையும் அது அந்த இடத்திலேயே உள்ளிழுக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எச் 8.2 பதிப்பில், 2020இல் வந்த வசதி இது. வாடகைக் கணினிகளில் முதல் இயக்கத்தின்போது கிளவுட்-இனிட் என்ற நிரல் அந்தத் துணை அடைவில் 50-கிளவுட்-இனிட்.கான்ஃப் என்ற கோப்பை எழுதி வைப்பது உண்டு. பெரும்பாலும் அதில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் யெஸ்.

ஒரே அமைவு இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருந்தால் எஸ்எஸ்எச்டி (எஸ்எஸ்எச் வழங்கி நிரல்) முதலில் படித்த மதிப்பையே எடுத்துக்கொள்ளும். பின்னால் வருவதைப் பொருட்படுத்தாது. யுனிக்ஸ் நிர்வாகத்தில் பழகியவர்களுக்கும் இது பிடிபடத் தாமதமாகும், ஏனென்றால் லினக்ஸ் கருவுக்கான சிஸ்கன்ட்ரோல் அமைவுகளிலும், சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் பெரும்பாலான அமைவுகளிலும் கடைசியாக வரும் மதிப்பே வெல்லும். அந்தப் பழக்கத்தில் 99 என்ற எண்ணில் தொடங்கும் கோப்பை உருவாக்கி அதில் "நோ" என்று எழுதுபவர்கள் பலர். இங்கே அது எதையும் மாற்றாது. கோப்புகள் பெயர் வரிசைப்படி படிக்கப்படுவதால், 10 என்ற எண்ணில் தொடங்கும் கோப்பை நீங்களே உருவாக்கி உங்கள் அமைவுகளை அதில் எழுதுங்கள். 50ஆம் எண் கோப்பைத் திருத்தினாலும் வேலை நடக்கும். ஆனால் அதை ஒரு நிரல் எழுதியிருப்பதால், கணினியைப் படியெடுத்துப் புதிதாக நிறுவும்போது அதே நிரல் மீண்டும் எழுதிவிட வாய்ப்புண்டு.

இதைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. கோப்பைப் படித்து வழங்கியின் நடத்தையை ஊகிக்காதீர்கள், வழங்கியிடமே கேளுங்கள். ரூட் உரிமையுடன் (முழு நிர்வாக உரிமையுடன்) எஸ்எஸ்எச்டி கட்டளையைப் பெரிய எழுத்து டி (டெஸ்ட் என்பதன் முதலெழுத்து) என்ற விருப்பத்துடன் இயக்கினால், எல்லாக் கோப்புகளையும் படித்து முடித்த பின் நடைமுறைக்கு வரும் மதிப்புகள் அனைத்தையும் வரி வரியாகத் தரும். சிறிய எழுத்து டி கொடுத்தால் எழுத்துப் பிழைகளையும் சாவிக் கோப்புகளையும் மட்டும் சோதித்துவிட்டு நின்றுவிடும். உங்கள் கோப்பில் எழுத்துப் பிழை எதுவும் இல்லாததால்தான் மறுதொடக்கம் பிழையின்றி முடிந்திருக்கிறது.

மறுதொடக்கம் செய்யும்போது, ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வு ஒன்றை மூடாமல் வைத்துக்கொண்டு, புதிய முனையத்திலிருந்து நுழைந்து பாருங்கள். ஒவ்வோர் அமர்வையும் தனியொரு செயல்முறை கவனித்துக்கொள்வதால், சேவையை மறுதொடக்கம் செய்தாலும் பழைய அமர்வு அறுபடாது. புதிய நுழைவு தோற்றுப்போனால் பழைய அமர்வைக் கொண்டு கோப்பைத் திருத்திக்கொள்ளலாம்.

ஊர்க்குருவி (பதில்)

கருவேலம் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கடவுச்சொல் நுழைய இரண்டு வழிகள் உள்ளன. பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் மூடுவது ஒன்றை மட்டுமே. கேபிடிஇன்டராக்டிவ்ஆதென்டிகேஷன் என்ற அமைவு "யெஸ்" என்று இருந்து, யூஸ்பேம் என்பதும் "யெஸ்" என்று இருந்தால், பேம் தொகுதி (நுழைபவர்களைச் சரிபார்க்கும் லினக்ஸ் பகுதி) கேள்வி பதில் வடிவில் அதே கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உபுண்டுவில் வரும் கோப்பில் இது "நோ" என்றே இருக்கும். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எச்சின் இயல்பு மதிப்பு "யெஸ்" என்பதால், அந்த வரியை யாராவது நீக்கியிருந்தால் வழி திறந்துவிடும். பழைய கட்டுரைகளில் சேலஞ்ச்ரெஸ்பான்ஸ்ஆதென்டிகேஷன் என்று காண்பதும் இதே அமைவுதான்.

வெளியிலிருந்து உறுதி செய்யும் வழி எளிது. உங்கள் கணினியில் எஸ்எஸ்எச் கட்டளையுடன் பப்கீஆதென்டிகேஷன் என்ற விருப்பத்தை "நோ" என்று கொடுத்து இணையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் கடவுச்சொல் கேட்கப்படாமலே அனுமதி மறுக்கப்படும். மறுப்பு வரியின் இறுதியில், வழங்கி ஏற்கும் நுழைவு முறைகளின் பெயர்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். அங்கே பப்ளிக்கீ என்ற ஒரே பெயர் மட்டும் இருக்க வேண்டும்.

நெய்தல்

இருவருக்கும் நன்றி. கருவேலம் சொன்னபடியே 50-கிளவுட்-இனிட்.கான்ஃப் கோப்பில் "யெஸ்" என்று இருந்தது. 10ஆம் எண்ணில் புதிய கோப்பை எழுதி மறுதொடக்கம் செய்தபின், பெரிய டி விருப்பம் "நோ" என்று காட்டுகிறது. வெளியிலிருந்து இணைத்தபோதும் பப்ளிக்கீ மட்டுமே தெரிகிறது.

ஆனால் இப்போது குழுவில் ஒருவரால் மட்டும் நுழைய முடியவில்லை. அவருடைய பொதுச் சாவி (சாவி இணையில் வழங்கியில் வைக்கும் பகுதி) ஆதரைஸ்டு_கீஸ் கோப்பில் இருக்கிறது. மற்றவர்களின் சாவியைப் போலவே ஈடி25519 வகையைச் சேர்ந்தது. ஒரே வரியில், உடையாமல் இருக்கிறது. இதுவரை அவர் கடவுச்சொல் கொடுத்தே நுழைந்து வந்ததால் சாவி வேலை செய்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. அவர் பக்கத்தில் விரிவான செய்திகளுடன் இயக்கிப் பார்த்தோம். சாவியை முன்வைத்ததும் மறுக்கப்படுகிறது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் அங்கே தெரியவில்லை. அவருடைய இல்ல அடைவில் தரவுக் கோப்புகளைக் குழுவினர் அனைவரும் எழுதிக்கொள்ள வசதியாக அனுமதி 775 என்று வைத்திருக்கிறோம். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா? மேலும், போர்ட் எண்ணை (எஸ்எஸ்எச் இணைப்புகளுக்காக வழங்கி காத்திருக்கும் வாயிலின் எண்ணை) 22இலிருந்து வேறொன்றுக்கு மாற்றினால் நல்லது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அதைச் செய்யலாமா?

பொழில் (பதில்)

தொடர்பு உண்டு. ஸ்ட்ரிக்ட்மோட்ஸ் என்ற அமைவு இயல்பாகவே "யெஸ்" என்று இருக்கும். ஆதரைஸ்டு_கீஸ் கோப்பை நம்புவதற்கு முன், அந்தக் கோப்பும், அது இருக்கும் .எஸ்எஸ்எச் அடைவும், பயனரின் இல்ல அடைவும் அவருக்கோ ரூட்டுக்கோ உரியவையா, பிறரோ குழுவினரோ எழுதக்கூடியவையா என்று வழங்கி பார்க்கும். 775 என்றால் குழுவினர் எழுதலாம் என்று பொருள். ஆகவே சாவி மறுக்கப்படுகிறது. தாக்குபவருக்குத் துப்புக் கொடுத்துவிடக் கூடாது என்பதால் வழங்கி இந்தக் காரணத்தை மறுமுனைக்குச் சொல்லாது. வழங்கியின் பதிவேட்டில் மட்டும் உரிமையோ அனுமதியோ தவறாக உள்ளது என்ற வரி, அடைவின் பெயருடன் இருக்கும். ஜர்னல்சிடிஎல் கட்டளையில் எஸ்எஸ்எச் சேவையைக் குறிப்பிட்டுப் பாருங்கள். நுழைவுச் சிக்கல் எதுவானாலும் முதலில் அங்கே பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஸ்ட்ரிக்ட்மோட்ஸ் மதிப்பை "நோ" என்று மாற்றிவிடுமாறு இணையத்தில் பலர் எழுதியிருப்பதைக் காண்பீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஓர் அடைவில் எழுதும் உரிமை என்றால், அதற்குள் இருப்பவற்றின் பெயரை மாற்றும் உரிமையும் அதில் அடங்கும். நுழைய முடியாத அந்தக் குழு உறுப்பினரின் .எஸ்எஸ்எச் அடைவுக்குள் வேறு யாரும் எழுத முடியாமல் 700 என்று வைத்திருந்தாலும், இல்ல அடைவில் எழுதக்கூடிய ஒருவர் அந்த அடைவையே வேறு பெயருக்கு நகர்த்திவிட்டு, தம்முடைய பொதுச் சாவியை வைத்த புதிய .எஸ்எஸ்எச் அடைவை அதே இடத்தில் உருவாக்கலாம். உரிமையாளர் யார் என்ற சோதனையும் இந்த அமைவோடு போய்விடுவதால், அடுத்த நொடியே அவர் அந்த உறுப்பினரின் பெயரில் நுழைந்துவிடுவார். குழுவினரை நீங்கள் முழுமையாக நம்பலாம். ஆனால் அவர்களில் ஒருவருடைய மடிக்கணினி களவு போனாலும் இதே வழி திறக்கும்.

இல்ல அடைவை 750 என்றும், .எஸ்எஸ்எச் அடைவை 700 என்றும், ஆதரைஸ்டு_கீஸ் கோப்பை 600 என்றும் மாற்றுங்கள். பொதுத் தரவுக்கு எஸ்ஆர்வி அடைவின் கீழ் தனி அடைவு ஒன்றை உருவாக்கி, அதைக் குழுவின் பெயருக்கு உரியதாக்கி, 2770 என்று அனுமதி கொடுங்கள். முன்னால் உள்ள 2 என்ற இலக்கம், அங்கே உருவாகும் புதிய கோப்புகளும் குழுவுக்கே உரியவையாக அமையச் செய்யும்.

கருவேலம்

பொழிலின் விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். நெய்தல், சிலருக்கு மட்டும் தனி விதி வைக்கும் எண்ணம் இருந்தால் மேட்ச் என்ற சொல்லில் தொடங்கும் பகுதியைக் கவனத்துடன் கையாளுங்கள். அடுத்த மேட்ச் வரும்வரை, அல்லது கோப்பு முடியும்வரை, கீழே உள்ள எல்லா வரிகளும் அந்த நிபந்தனைக்குள் அடங்கும். உள்தள்ளி எழுதுவது கண்ணுக்கு மட்டுமே. கோப்பின் கடைசியில் போர்ட் போன்ற பொது அமைவைச் சேர்த்தால், மேட்ச் பகுதிக்குள் அது அனுமதிக்கப்படாததால் சோதனைக் கட்டளையே பிழை காட்டிவிடும். ரூட் கணக்கில் நுழையலாமா என்று தீர்மானிக்கும் பெர்மிட்ரூட்லாகின் அங்கே அனுமதிக்கப்பட்ட அமைவு. அதை "நோ" என்று கடைசியில் சேர்த்தால் எந்தப் பிழையும் வராது. மேலே குறிப்பிட்ட பயனருக்கு மட்டும் பொருந்திவிட்டு, ரூட் கணக்குக்குப் பொருந்தாமலே இருக்கும். பெரிய டி விருப்பத்துடன் பெரிய சி விருப்பத்தையும் சேர்த்து, பயனர் பெயரையும் முகவரியையும் கொடுத்தால், அந்தப் பயனர் அங்கிருந்து வரும்போது எந்த மதிப்புகள் நடைமுறையில் இருக்கும் என்பதைக் காணலாம்.

பின்னிரவு (பதில்)

போர்ட் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லாததால் எழுதுகிறேன். 22 என்ற எண் 1995இல் வந்தது. அந்த ஆண்டு ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்கும் தாக்குதல் நிகழ்ந்தது. அங்கிருந்த தாத்து இலோனென், அதைத் தடுக்க எஸ்எஸ்எச்சை எழுதினார். கோப்புகளை அனுப்பும் எஃப்டிபியின் 21க்கும் தொலை நுழைவுக்கான டெல்நெட்டின் 23க்கும் இடையில் காலியாக இருந்த எண்ணைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். கடவுச்சொல்லை வெளிப்படையாக அனுப்பிய டெல்நெட்டுக்கும், வரும் கணினியின் பெயரையே நம்பி உள்ளே விட்ட ஆர்லாகினுக்கும் மாற்றாக வந்தது இது.

எண்ணை மாற்றினால் பதிவேட்டில் குவியும் வரிகள் வெகுவாகக் குறையும். அது உண்மையான பயன்தான். ஆனால் உங்களிடம் கடவுச்சொல் நுழைவே இப்போது இல்லை. ஊகிக்க முயல்பவர்கள் எத்தனை முறை வந்தாலும் சாவி இல்லாமல் திரும்புவார்கள் என்பதால், பாதுகாப்பில் பெரிய வேறுபாடு இராது. மாற்றுவதாகவே இருந்தால் 1024க்குக் கீழே, வேறு சேவை எதுவும் பயன்படுத்தாத எண்ணைத் தேர்ந்தெடுங்கள். 2222 பரவலாக இருந்தாலும், 1024 முதல் தொடங்கும் எண்களில் கேட்க ரூட் உரிமை தேவையில்லை. எஸ்எஸ்எச்டி நின்றுபோன வேளையில் அதே கணினியில் கணக்குள்ள எவரும் அந்த எண்ணில் போலி வழங்கியை இயக்கலாம். வழங்கியின் தனிச்சாவி அவரிடம் இராது என்பதால் சாவி மாறிவிட்டதாக எச்சரிக்கை வரும்; ஆனால் அந்த எச்சரிக்கையைப் படிக்காமல், தம் கணினியில் சேமித்திருந்த பழைய சாவி வரியை நீக்கிவிட்டு மேலே செல்பவர்கள்தான் அதிகம்.

உபுண்டு 24.04இல் இன்னொன்றும் உண்டு. 22.10 பதிப்பு முதல் அங்கே போர்ட்டில் காத்திருப்பது எஸ்எஸ்எச்டி அல்ல, எஸ்எஸ்எச்.சாக்கெட் என்ற சிஸ்டம்டி அலகு. எனவே போர்ட் வரியை மாற்றிவிட்டுச் சேவையை மட்டும் மறுதொடக்கம் செய்தால் பழைய எண்ணிலேயே நிற்கும். சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் டீமன்-ரீலோடு செய்துவிட்டு, எஸ்எஸ்எச்.சாக்கெட் அலகை மறுதொடக்கம் செய்யுங்கள். 24.04இல் போர்ட் வரியை அமைவுக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருப்பதால், சாக்கெட் கோப்பில் கைவைக்க வேண்டியதில்லை, 22.10 முதல் 23.10 வரையிலான பதிப்புகளில் அந்த ஏற்பாடு இல்லை. மறுதொடக்கம் செய்வதற்கு முன்பே ஃபயர்வாலில் (வலையமைப்புத் தடுப்பில்) புதிய எண்ணைத் திறந்துவிடுங்கள். வாடகை நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் தனி ஃபயர்வால் இருந்தால் அங்கேயும் திறக்க வேண்டும். போர்ட் வரியை இருமுறை எழுதி 22ஐயும் புதிய எண்ணையும் சிறிது காலம் சேர்த்து வைக்கலாம். முதல் மதிப்பே செல்லும் என்று கருவேலம் சொன்ன விதிக்குப் போர்ட் விலக்கு. புதிய எண்ணில் எல்லோரும் நுழைவது உறுதியான பிறகு 22ஐ நீக்குங்கள்.