பூவை உதிர்ப்பது வௌவால்தானா? இரவில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

இரவுக்கண்:
முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். டுரியான் பூத்திருக்கும் நாட்களில் விடிகாலையில் மரத்தடிக்குப் போனால் இதழும் கேசரமும் பாய் விரித்த மாதிரி கொட்டிக் கிடக்கும், இரவில் வௌவால் வட்டமடிப்பதையும் பார்த்திருக்கிறேன், இரண்டுக்கும் நானே முடிச்சுப் போட்டு, இதுகள்தான் பூவைப் பிய்த்துப் போடுகின்றன என்று தகர டப்பாவைத் தட்டி விரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் வலைகூடக் கட்டினேன். அந்த வருடம் காய்ப்பு படுமோசம். மழையும் பெய்தது, அதை மறைக்கக் கூடாது, அதனால் பழியை மழை மேல் போட்டுவிட்டேன்.

போன தடவை பூத்தபோது, சரி, ஒரு இரவாவது உட்கார்ந்து பார்ப்போம் என்று டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொண்டு போனேன். பூ பிற்பகலிலேயே விரிய ஆரம்பித்துவிடுகிறது, ஆனால் மகரந்தம் வெளியே வருவது இருட்டிய பிறகுதான். வாடை புளித்த பால் மாதிரி, பழத்தின் வாடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஏழரை மணி இருக்கும், ஈரத்துணியை உதறுகிற மாதிரி ஒரு சத்தம். தாழ்ந்த கிளையில் தொங்கிய கொத்தில் ஒன்று வந்து அப்பிக்கொண்டது. குட்டி எலியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். முகத்தைப் பூவுக்குள் திணித்தது, இரண்டு மூன்று நொடி, போய்விட்டது. கொத்து ஆடி நின்றது, ஒரு இதழ்கூட விழவில்லை! மறுபடி வந்தபோது மூக்கிலும் நெஞ்சிலும் மஞ்சள் பொடி அப்பியிருந்தது நன்றாகத் தெரிந்தது. தேனை நக்க வந்தது பொடியைப் பூசிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகிறது. பெரும்பாலான டுரியான் மரம் தன் மகரந்தத்தில் சரியாகக் காய் பிடிக்காது, வேறு மரத்துப் பொடி வேண்டும் என்பதால் அந்த 'அடுத்த மரம்'தான் இதில் முக்கியம்.

இதில் என் வாயை அடைத்தது வேறு. ஒரு கொத்துக்கு மட்டும் சாயங்காலமே கொசுவலைத் துணியில் பை தைத்து மாட்டியிருந்தேன், வௌவால் தொட முடியாதபடி. நள்ளிரவு தாண்டியதும் மரம் முழுக்க இதழ் உதிர ஆரம்பித்தது. காலையில் பையைப் பார்த்தால் அதற்குள்ளும் இதழும் கேசரமும் உதிர்ந்து அடியில் குவிந்து கிடக்கின்றன! ஆக, அது தானாக உதிர்கிற பூ. இத்தனை வருடம் டப்பா தட்டியது எதற்கு என்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கொத்தில் ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை, ஆனால் ஒரே ஒரு கொத்தை வைத்து நான் பெரிதாக எதுவும் பேசப் போவதில்லை.

வாழையடி:
அண்ணா, நானும் இதே கட்சியில் இருந்தவன்தான், வாழையில். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், நாம் பயிரிடும் வாழைக்கு மகரந்தச் சேர்க்கையே வேண்டாம், விதையில்லாமல் தானாகக் காய் திரளும். அதனால் வௌவால் இல்லாவிட்டால் வாழைப்பழமே இருக்காது என்று சிலர் எழுதுவதை நம்பாதீர்கள். வௌவாலை நம்பியிருப்பது காட்டு வாழை, உள்ளே மிளகு மாதிரி கறுப்பு விதை நெருக்கிப் பிடித்திருக்குமே, அது. அதிலும் பூ தொங்குகிற வகைகளுக்குத்தான் வௌவால், பூ நிமிர்ந்து நிற்கிற வகைகளுக்குத் தேன்சிட்டு. புது ரகம் உருவாக்குகிறவர்களுக்கு இந்தக் காட்டு வாழைதான் மூலதனம் என்பதால் சுற்றி வளைத்து நமக்கும் லாபம்தான்.

நான் பார்த்ததையும் சொல்கிறேன். சீப்பெல்லாம் வெளிவந்த பிறகும் நுனியில் மொட்டு தொங்கிக்கொண்டே இருக்கும், இருட்டும் நேரத்தில் ஒரு மடல் மெல்லத் தூக்கிச் சுருளும், அடியில் ஆண்பூ வரிசை. குட்டை மூக்கு வௌவால் ஒன்று வந்து மொட்டை இரண்டு இறக்கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு வரிசையாக நக்கியது. காலையில் மடலில் நகக்கீறல், தொட்டால் பிசுபிசு. காய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

முள்செடி:
டிராகன் பழம் வைத்திருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பிரஷ்ஷால் மகரந்தம் தடவுகிற ஆள் நான். மாலையில் விரிந்து மறுநாள் காலையில் வாடிப்போகிற பூ, அந்த ஒரு இரவைத் தவறவிட்டால் போச்சு. சில ரகங்கள் தானே சேர்ந்துகொள்ளும், என்னுடையது அப்படி இல்லை. இது பிறந்த மண்ணான அமெரிக்கக் கண்டத்தில் இந்த வேலையை நாக்கு நீண்ட வௌவால்களும் பருந்து அந்துப்பூச்சிகளும் பார்க்கின்றன, நான் கூலி இல்லாமல் பார்க்கிறேன்.

மெக்சிகோவில் பிதாயா என்கிற தூண் கள்ளிப் பழத்தில் வௌவாலை மட்டும் தடுத்துப் பார்த்து 2019-இல் ஒரு ஆய்வு வந்தது. விளைச்சல் 35 சதவீதம் குறைந்தது, கிடைத்த பழமும் 46 சதவீதம் எடை குறைவு, இனிப்பும் குறைவு. பகலில் தேனீ வந்தும் அந்தக் கதி. காய் பிடித்ததா இல்லையா என்பதோடு முடிகிற விஷயமில்லை, பழத்தின் பருமனும் இதில் இருக்கிறது.

வேலிக்காரன்:
எல்லாம் சரி, என் சப்போட்டாவைக் கடித்துப் போடுவது யார், தேவதையா?

இரவுக்கண்:
அதுவும் வௌவால்தான், நான் மறுக்கவில்லை :) ஆனால் எல்லாம் ஒரே ஆள் இல்லை. என் மரத்துக்கு வந்தது பெரும்பாலும் தேனையும் மகரந்தத்தையும் தின்று வாழ்கிற குகை வௌவால். வாழையடி சொன்ன குட்டை மூக்கு வௌவால் பழமும் தின்னும், பூவுக்கும் போகும், இரட்டை வேடம். பெரிய பழந்தின்னி வௌவாலைப் பற்றியும் முன்பு பூவைத் தின்று அழிக்கிறது என்றுதான் பேச்சு. மலேசியாவின் தியோமான் தீவில் டுரியான் மரங்களில் கேமரா கட்டிப் பார்த்தார்கள், 2017-இல் வெளியானது, அதுவும் தேனைக் குடித்துவிட்டுப் பூவை முழுதாக விட்டுவிட்டுத்தான் போகிறது. உங்கள் சப்போட்டாவுக்குப் பழுக்கிற நேரத்தில் குலைகளுக்குப் பை கட்டுங்கள். மரம் முழுக்கத் தளர்வாக வலை போட்டால் அது சிக்கிச் சாகும், எடுக்கப் போகிற நமக்கும் கடிபடும். வெறுங்கையால் தொடாதீர்கள், கடித்த பழத்தையும் தின்னாதீர்கள், நோய் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்.

இன்னொன்று. டுரியான் பூப்பது வருடத்தில் சில வாரம்தான், மிச்ச நாளெல்லாம் இந்தக் குகை வௌவால் எங்கே சாப்பிடும்? 1970-களில் பத்துமலைக் குகைகளில் எச்சத்திலிருந்த மகரந்தத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள், கடலோரச் சதுப்புநில மரங்களின் பூவுக்காக முப்பது கிலோமீட்டருக்கும் மேல் பறந்து போய் வருகிறதாம். குகையில் கல் உடைத்தாலோ அந்தச் சதுப்புநிலக் காட்டை அழித்தாலோ என் மரம் காய்க்காது. இது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது, நான் உரத்தை மாற்றிக்கொண்டிருந்தேன்.

வாழையடி:
அப்போ உங்கள் டுரியானுக்கு நடுவே நாலு வாழை வைத்து மொட்டை வெட்டாமல் விடுங்கள் அண்ணா, வருடம் முழுக்கப் பூ இருக்கும். நான் இரண்டு மரத்தில் மொட்டை விட்டுவைத்திருக்கிறேன், நேற்று மூன்று பேர் வந்தார்கள்.

இரவுக்கண்:
வைத்துப் பார்க்கிறேன் தம்பி. டப்பா இன்னும் கொட்டகையில்தான் கிடக்கிறது, அதில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன்.