கலைச்சொல் உதவி: 'விங்கர்' (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

திங்கள் காலை, அ. எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். கால்பந்து நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ரொபெர்த்தோ டோனடோனி பற்றிய அத்தியாயம் வெள்ளிக்கிழமை பதிப்பகத்துக்குப் போக வேண்டும். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்: "இத்தாலி கண்ட மிகச் சிறந்த ______களில் ஒருவர், பின்னாளில் தேசிய அணியின் பயிற்சியாளர்."

விங்கர் என்றே விட்டால் பதிப்பாசிரியர் சிவப்பு மையில் வட்டம் போடுவார். 'பக்கவாட்டு முன்கள வீரர்' என்று எழுதிப் பார்த்தேன். ஒரே பக்கத்தில் ஏழு முறை வருகிறது. படிக்கிறவருக்கு மூச்சு வாங்கும்.

ஆளைத் தெரியாதவர்களுக்கு: 1963-இல் பெர்காமோ அருகே சிசானோவில் பிறந்தவர். அட்டலாண்டாவில் தொடங்கி, தொழிலதிபர் பெர்லுஸ்கோனி மிலான் கிளப்பை வாங்கிய 1986-இலேயே அங்கே போனார். ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கோப்பை. நாட்டுக்காக 63 ஆட்டங்கள்.

திங்கள் காலை, கு. எழுதியது:

சிறகர். சிறகு + அர். நான்கே எழுத்து. வேலை முடிந்தது.

திங்கள் மதியம், பு. எழுதியது:

முடியவில்லை தம்பி. சிறகர் என்றாலே சிறகுதான். சுரும்பு சுரும்பர் ஆவதுபோல, வண்டு வண்டர் ஆவதுபோல, சிறகு சிறகர் ஆகும். இறுதிப்போலி, அதாவது ஈறு மாறியும் பொருள் மாறாதது. நீங்கள் ஆளைக் குறிக்கிறேன் என்று உறுப்பைக் குறித்துவிட்டீர்கள்.

பழஞ்சொல் கைவசம் இருக்கிறது. 'கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி' என்று குறுந்தொகையில் வருகிற சிறை, சிறகுதான். அஞ்சிறை என்பதை அழகிய சிறை என்றும் பிரிக்கலாம், அகஞ்சிறை, அதாவது உள்ளே இருக்கும் சிறகு என்றும் கொள்ளலாம். ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வருகிறவனுக்கு 'அஞ்சிறையன்' என்றால் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். பொதுச்சொல்லாகச் 'சிறையர்' போதும்.

திங்கள் மதியம், ச. எழுதியது:

> பொதுச்சொல்லாகச் 'சிறையர்' போதும்.

புலவர் ஐயா, மன்னிக்கணும். 'இத்தாலியின் மிகச் சிறந்த சிறையர்' என்று அச்சிட்டால், எத்தனை வருஷம் உள்ளே இருந்தார் என்றுதான் கேட்பான்.

முப்பது வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவன் சொல்கிறேன். எங்கள் காலத்தில் ரைட் அவுட், லெஃப்ட் அவுட். இப்போது பையன்கள் விங்கர் என்கிறார்கள். மைதானத்தில் யாருக்கும் சந்தேகம் வந்ததே இல்லை.

திங்கள் இரவு, கு. எழுதியது:

சரி, சிறகு வேண்டாம். 'கை' என்று போனால் என்ன? படையின் ஒரு பக்கத்துக்குக் கை என்று பொருள் உண்டு. சோழர் படையில் வலங்கை வேளைக்காரர் இருந்தார்கள். வலப்பக்க விங்கர் வலங்கையர், மற்றவர் இடங்கையர். படையின் முன்னணிக்குத் தார், பின்னணிக்குக் கூழை என்று பெயர். அப்படியே தாக்குகிறவர்கள் தார், காக்கிறவர்கள் கூழை என்று அணி முழுவதற்கும் பெயர் வைத்துவிடலாம்.

செவ்வாய் காலை, பு. எழுதியது:

தார், கூழை இரண்டும் அருமை. 'கூழை தார்கொண்டு யாம்பொருதும் என்றல் ஓம்புமின்' என்று ஔவை புறநானூற்றிலேயே பயிற்சியாளர் போலத்தான் பேசுகிறாள்: எங்கள் ஆளைப் பார்க்கும்முன் வாயை விடாதீர்கள் என்று. ஆனால் வலங்கை இடங்கை வேண்டவே வேண்டாம். அந்தப் பெயரில் சாதிச் சண்டை நூற்றாண்டுக் கணக்கில் நடந்திருக்கிறது. பந்தாட்டத்துக்குள் அதைக் கொண்டுவந்து விடாதீர்கள்.

செவ்வாய் காலை, ச. எழுதியது:

சாதியை விடுங்கள், ஆட்டத்துக்கே ஒத்துவராது. டோனடோனி வலக்காலர். மிலானில் பல பெரிய ஆட்டங்களில் இடப்பக்கம் நின்றார். அவர் உங்கள் கணக்கில் எந்தக் கை?

1994 மே 18, ஏதென்ஸில் பார்சலோனாவுடன் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி. முதல் பாதி முடிகிற நேரம். இடப்பக்கமாக இறங்கிக் கோல் கோடு வரை போய்விட்டார். பந்து வெளியே உருண்டுவிடும் என்று நாம் முடிவு கட்டுகிற இடம் அது. அங்கிருந்து பின்னால் இழுத்துக் கொடுத்தார். மசாரோ அடித்தார், 2-0. கடைசியில் 4-0. அந்த ஒரு பாஸைக் காட்டிவிட்டு, இதைச் செய்கிறவன்தான் விங்கர் என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். சொல்லிலிருந்து ஆட்டத்தைப் புரியவைக்கப் பார்க்கிறீர்கள், அது தலைகீழ்.

செவ்வாய் மாலை, யாழ்ப்பாணத்திலிருந்து வே. எழுதியது:

ஒரு சின்னக் குறுக்கீடு. நாங்கள் உதைபந்தாட்டம் என்றுதான் எழுதுகிறோம். கால்பந்து என்றால் காலே பந்தாகிவிட்டதுபோல் இருக்கிறது. பயிற்சியாளர் என்பதும் பிழைபடக்கூடியது. பயிற்சி எடுப்பவரா, கொடுப்பவரா? பயிற்றுவிப்பாளர் என்றால் மயக்கம் இல்லை.

செவ்வாய் இரவு, பு. எழுதியது:

பயில் தன்வினை. பயிற்று என்றாலே பிறவினை ஆயிற்று. பயிற்றுவி என்றால் இன்னொருவரை ஏவிப் பயிற்றச் செய்வது. அப்படிப் பார்த்தால் பயிற்றுவிப்பாளர் என்பவர் துணைப் பயிற்சியாளரை வேலை வாங்குகிற முதலாளி.

செவ்வாய் இரவு, வே. எழுதியது:

தேசிய அணியில் அதுதானே ஐயா நடக்கிறது?

புதன் காலை, அ. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, ஆனால் இன்னும் ஒரு சொல்லும் என் கைக்கு வரவில்லை. இத்தாலியன் தெரிந்த தோழியைக் கேட்டேன். அவர்களிடம் இரண்டு சொற்கள். 'ஆலா' என்றால் சிறகு, வழக்கமான விங்கர். இன்னொன்று 'தோர்னாந்தே', திரும்பி வருகிறவர். முன்னே ஓடித் தாக்கிவிட்டு, பந்து கைமாறியதும் அதே ஓரமாகப் பின்னால் ஓடிவந்து தற்காப்பிலும் நிற்கிறவர். சக்கி பயிற்சியாளராக இருந்த மிலானில் டோனடோனி செய்ததில் பாதி இந்த வேலைதான்.

மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுக்கும் அவர்களிடம் தோர்னாந்தே என்றே பெயராம். எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. ஆல்ப்ஸ் அடிவாரத்துப் பிள்ளைக்கு வளைவின் பெயர்!

புதன் மதியம், பு. எழுதியது:

அம்மா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு நாள் மிச்சம். சொல் தயாராக இருக்கிறது: மீளி.

மீளி என்றால் வீரன், வலிமை உடையவன். காளை, விடலை, மீளி மூன்றும் பாலைத் தலைவனுக்கு உரிய பெயர்கள். பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. பிரிந்து போனவன் மீள்வான் என்பதுதான் தோழி தலைவிக்குச் சொல்கிற ஆறுதல். போவதும் மீள்வதுமே அவன் தொழில். மீள் + இ. தோர்னாந்தேக்கு இதைவிட நேரான சொல் எந்த மொழியிலும் கிடைக்காது.

இன்னொன்று. 1988 நவம்பர், பெல்கிரேடில் ரெட் ஸ்டாருடன் ஆட்டம் மூடுபனியால் நின்று, மறுநாள் முதலிலிருந்து நடந்தது. அதில் மோதி விழுந்து, தாடை முறிந்து, நினைவு தப்பிக் கிடந்த டோனடோனியை மைதானத்திலேயே மூச்சுக்கு வழி செய்து காப்பாற்றினார்கள். அடுத்த மே மாதம் பார்சலோனாவில் இறுதிப் போட்டியில் ஆடினார். மீளி என்று வேறு யாரைச் சொல்வது?

புதன் மதியம், கு. எழுதியது:

மீளி என்பது மீள் என்ற வினையிலிருந்துதான் வந்தது என்பதற்குச் சான்று உண்டா ஐயா? ஒலி ஒத்துப்போவதால் மட்டும் சொல்கிறீர்களோ என்று ஐயம்.

புதன் மதியம், பு. எழுதியது:

இல்லை என்பதற்குச் சான்று உண்டா?

புதன் இரவு, ச. எழுதியது:

சொல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நாளை மைதானத்தில் "டேய் மீளி, ஏறுடா" என்று கத்தினால் பதினோரு பேரும் நின்றுவிடுவான்.

தவிர, மீளாத இடமும் அவருக்கு ஒன்று உண்டு: பெனால்டி. 1990 உலகக் கோப்பை அரையிறுதி, நேப்பிள்ஸ், எதிரே அர்ஜென்டினா. அவர் அடித்ததை கோய்கொச்சேயா தடுத்தார். 1994 உலகக் கோப்பை இறுதியிலும் ஆடினார். பெனால்டியில் பிரேசில் வென்றது. 2008-இல் தேசிய அணிக்குப் பயிற்சியாளர்; யூரோ காலிறுதியில் ஸ்பெயினிடம் மறுபடி பெனால்டியில் தோல்வி. வேலை போயிற்று, முன்பு விலகிய பயிற்சியாளர் லிப்பியே திரும்பி வந்தார். அன்றைக்கு மீளி யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

வியாழன் காலை, அ. எழுதியது:

மாஸ்டர் சொன்னதைச் சிரித்துக்கொண்டே படித்தேன், அப்புறம் சிரிப்பு வரவில்லை.

பயிற்சியாளர் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தாலியில் கிளப் பயிற்சியாளர் 'அல்லெனாத்தோரே'. 'லேனா' என்றால் மூச்சு, தம். அதைக் கூட்டித் தருகிறவர். தேசிய அணிக்காரருக்கு வேறு பட்டம், 'தொழில்நுட்ப ஆணையர்' என்பதுபோல. அரசு அலுவலக வாடை அடிக்கிறது, அதனால் விட்டுவிட்டேன். ஆட்டக்காரர்கள் கூப்பிடுவதோ 'மிஸ்டர்'! ஜெனோவாவில் வேலை பார்த்த இங்கிலாந்துக்காரர் ஒருவர் காலத்திலிருந்து வந்த வழக்காம். தூய்மை பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

எனக்கு அத்தியாயத்திலேயே பிடித்த பகுதி, அவர் பயிற்சியாளராக இருந்த பார்மா கிளப். 2014-இல் லீக்கில் ஆறாம் இடம். ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி. ஆனால் கிளப்பின் வரி பாக்கியால் உரிமம் கிடைக்கவில்லை. அடுத்த பருவத்தில் மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. 2015 மார்ச்சில் திவால். டோனடோனி விட்டுப் போகவில்லை. ஏப்ரலில், கடைசி இடத்தில் கிடந்த அந்த அணி, பட்டம் வெல்லவிருந்த யுவென்டஸை 1-0 என்று வென்றது. 'தம் கொடுப்பவர்' என்று அங்கே ஒருமுறை மட்டும் எழுதியிருக்கிறேன். மற்ற இடமெல்லாம் பயிற்சியாளர். வே. அண்ணா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வியாழன் மாலை, மட்டுறுத்துநர்:

இழை நாற்பது மடலைத் தாண்டிவிட்டது. விங்கர் என்றே விடலாம் என்பவர்கள் ஐந்து பேர், சிறகருக்கு மூன்று, மீளிக்கு ஒன்று. பெனால்டியைத் 'தண்ட உதை' ஆக்கும் விவாதத்தைத் தயவுசெய்து தனி இழையில் தொடங்குங்கள்.

வெள்ளி மாலை, அ. எழுதியது:

அனுப்பிவிட்டேன். முதல் வரியில் 'விங்கர்', அடுத்த வரியில் கொண்டை ஊசி வளைவு உவமை. சக்கி வரும் பகுதியில் ஓரிடத்தில் 'மீளி' வைத்தேன். பதிப்பாசிரியர் உடனே தொலைபேசியில் கூப்பிட்டு, "இது தட்டச்சுப் பிழையா? மீனவனா, மீட்பனா?" என்றார். விளக்கினேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

வெள்ளி இரவு, பு. எழுதியது:

பெரும்பான்மையை ஏற்கவில்லை. என் மறுப்பு இந்த இழையில் இருக்கட்டும். மீளி வரும் சங்கப் பாடல்களைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன், ஞாயிறுக்குள் அனுப்புகிறேன். பதிப்பாசிரியரின் முகவரி தாருங்கள்.