லாஜிக்கை வாசலிலேயே விட்டுவிட்டு ரசித்த படங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

மாயாஜாலப் படங்களுக்குப் பேர்போன தெலுங்கு இயக்குநர் விட்டலாச்சார்யாவின் படங்களைச் சின்ன வயதில் பயந்து பயந்து பார்த்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். நான் கல்லூரி விடுதியில்தான் முதன்முதலாக ஒன்றை முழுதாகப் பார்த்தேன். 1978இல் தெலுங்கில் வந்து தமிழில் டப் ஆன ‘ஜெகன்மோகினி’. டிவி அறையில் இடம் போதாமல் ஜன்னல் திட்டில்கூட ஆள். பேய் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்புக்குள் நீட்டி எரியவிட்டுச் சமைக்குமே, அந்த இடத்தில் அறையே அதிர்ந்தது. “சிலிண்டர் செலவு மிச்சம்டா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கிண்டல் செய்யத்தான் உட்கார்ந்தோம். ஆனால் சாப்பாட்டு மணி அடித்தும் ஒருத்தன் நகரவில்லை. எனக்குத் தோன்றிய காரணம், படத்தில் யாரும் இதை வேடிக்கையாக நடிக்கவில்லை. கால் எரிகிறது, அந்த முகத்திலோ சமையல் நேரத்துக்கு முடிய வேண்டுமே என்ற கவலை மட்டும்தான். கம்ப்யூட்டர் வராத காலம். கேமராவை அசைக்காமல் நிறுத்தி, ஆளை நகரச் சொல்லிவிட்டு மறுபடி ஓட்டினால் ஆள் மாயம். ஒட்டுப்போட்ட இடம் நமக்கே தெரியும். தெரிந்தும் கை தட்டுவோம். 2009இல் நமீதாவை வைத்து இதே பெயரில் திரும்ப எடுத்தார்கள். சத்தியமாக எனக்கு ஒட்டவில்லை.

இன்னொன்று. கால்ஷீட் தகராறு செய்யும் நடிகரை விட்டலாச்சார்யா கதையிலேயே ஆடாகவோ கிளியாகவோ மாற்றிவிட்டு மீதிப் படத்தை முடித்துவிடுவார் என்று சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, அவர் படம் பார்த்தவர்கள் நம்பிவிடுவார்கள்.

*

அண்ணா, நீங்கள் நண்பர்களோடு பார்த்தீர்கள், நான் அம்மாவோடு தியேட்டரில் மாட்டிக்கொண்டேன். ‘அம்மன்’ படம். கோடி ராமகிருஷ்ணா இயக்கி 1995இல் வந்த ‘அம்மோரு’வின் தமிழ் வடிவம். ராமி ரெட்டி கண்ணை உருட்டி கர்ஜிக்க, ரம்யா கிருஷ்ணன் உக்கிரமாக எதிரில் நிற்க, நான் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறேன். அப்போது பார்த்து முன் வரிசை அக்கா ஒருவருக்கு அருள் வந்துவிட்டது. யாரோ ஓடிப்போய் வேப்பிலையோடு வந்தார்கள். எங்கிருந்து கிடைத்ததோ! சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. அம்மா என்னை முறைத்தார் பாருங்கள், அந்தம்மன்கூட அப்படி முறைத்திருக்க மாட்டாள்.

அதே அம்மா வீட்டுக்கு வரும் வழியில், “வில்லன் முழிக்கிறது நம்ம பெரிய மாமா மாதிரியே இல்ல?” என்று கேட்டுச் சிரித்தார். அதனால் இந்தப் படங்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் வேறு, கும்பிடுபவர்கள் வேறு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

*

இயக்குநர் இராம. நாராயணனை மறந்துவிட்டீர்களே, மக்களே! ‘ஆடி வெள்ளி’யில் யானையும் பாம்பும், ‘துர்கா’வில் பேபி ஷாமிலியோடு குரங்கும் நாயும். இரண்டுமே 1990. மனிதர்கள் அழுதுகொண்டு நிற்பார்கள், ஆக வேண்டிய காரியத்தை எல்லாம் மிருகங்கள் பார்த்துக்கொள்ளும். வில்லனைத் தேடிப் பாம்பு கிளம்பினால் எங்கள் பாட்டி டிவிக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அடுத்த நிமிஷமே, “அந்தக் குரங்குக்கு எவ்வளவுடா சம்பளம் இருக்கும்?” என்பார்.

ஆடி மாதம் வரட்டும். எந்தச் சேனலிலாவது போடாமலா போய்விடுவார்கள்?